ஒரே வீடு, ஒரே காய்ச்சல்: அத்தைக்கு மட்டும் ஏன்?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா அவர்களுக்கு, வணக்கம். நாங்கள் மேலூர் பக்கம். போன கார்த்திகையில் என் அத்தை (அப்பாவின் அக்கா, வயது 68) ஃப்ளூ காய்ச்சலில் இறந்துபோனார். அவருக்கு 15 வருடமாகச் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறைக் காட்டும் கிரியேட்டினினும் கூடியிருந்தது. அதே வாரம், அதே வீட்டில் அத்தை மகனுக்கும் பேரனுக்கும் அதே காய்ச்சல் வந்து நாலு நாளில் சரியாகிவிட்டது. அத்தைக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். அவர் சரியாகச் சாப்பிடாததால் இன்சுலினை நிறுத்தினோம். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது என்று நிம்மதியாக இருந்தோம். ஐந்தாம் நாள் இரவு மூச்சு வாங்கியது. ஆறாம் நாள் மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்து, வென்டிலேட்டர் வைத்தும் பலனில்லை. ‘இணைநோய் இருந்ததால் காப்பாற்ற முடியவில்லை’ என்றார்கள். அத்தையைக் கொன்றது காய்ச்சலா, சர்க்கரையா? இன்சுலினை நிறுத்தியது எங்கள் தப்பா? என் அப்பாவுக்கும் (65) சர்க்கரை உண்டு. மூன்று வருடத்துக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அம்மாவுக்கு ஆஸ்துமா. தங்கை வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஐப்பசி வரப்போகிறது என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

மேலூர் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஓராண்டு நெருங்கியும் நாலாம் நாள், ஐந்தாம் நாள் இரவு என்று கணக்குப் பிசகாமல் நீங்கள் எழுதியிருப்பதிலிருந்தே அந்த வாரம் உங்கள் மனத்தைவிட்டு இன்னும் இறங்கவில்லை என்பது தெரிகிறது. அத்தையின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். நீங்கள் கேட்டவற்றில் இன்சுலின் பற்றிய கேள்விதான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று நினைக்கிறேன். அதற்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன்; ஆனால் வேறு சிலவற்றை முதலில் விளக்கினால்தான் அந்தப் பதிலின் எடை சரியாகப் புரியும்.

‘இணைநோய்’ என்ற சொல் தமிழ்நாட்டில் எல்லார் வாயிலும் புழங்கத் தொடங்கியது 2020-இல். கொரோனா காலத்தில் சுகாதாரத் துறை நாள்தோறும் வெளியிட்ட அறிக்கையில் இறந்தவர்களை இணைநோய் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்துக் காட்டினார்கள். மருத்துவக் கணக்குக்கு அந்தப் பிரிப்பு தேவைதான். ஆனால் தினமும் அதைக் கேட்ட மக்கள் மனத்தில், ‘அவருக்கு ஏற்கெனவே சர்க்கரையாம், அதனால்தான் போய்விட்டார்’ என்று வழக்கை முடித்துவைக்கும் சொல்லாக அது பதிந்துவிட்டது. நோய் இல்லாதவருக்கு அது அசட்டுத் துணிச்சலைக் கொடுத்தது. நோய் உள்ளவர் வீட்டில், ‘இனி என்ன செய்து என்ன’ என்று கையை விரிக்க வைத்தது. இரண்டுமே ஆபத்தானவை. 2009-இல் ஹெச்1என்1 (பன்றிக்காய்ச்சல்) என்ற ஃப்ளூ வைரஸ் பரவத் தொடங்கிய மாதங்களில், அமெரிக்காவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 272 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 73 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய், கர்ப்பம் போன்று ஏதேனும் ஒன்று இருந்தது. நான்கில் ஒருவருக்கோ அப்படி எதுவுமே இல்லை. எனவே இணைநோய் இல்லாதது முழுக் காப்பும் அன்று, இருப்பது முடிவான விதியும் அன்று.

உங்கள் அத்தையைக் கொன்றது காய்ச்சல்தான். சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் செய்தது, அந்தக் காய்ச்சலோடு போராட உடம்புக்கு இருந்த அவகாசத்தைக் குறைத்தது. அத்தை மகனின் உடம்புக்கு ஏழெட்டு நாள் தாக்குப்பிடிக்கும் இருப்பு இருந்தது. அத்தைக்கு அது இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிட்டது. இது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அப்பாவுக்கு எதைச் செய்வது என்பதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

ஃப்ளூ வைரஸ் முதலில் தாக்குவது மூக்கிலிருந்து நுரையீரல்வரை செல்லும் மூச்சுக்குழாயின் உட்பூச்சை. அந்த உட்பூச்சில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் இடைவிடாமல் அசைந்து, தூசியையும் கிருமியையும் சளியோடு மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். வைரஸ் அந்தச் செல்களை அழிக்கும்போது, வாசல் பெருக்க ஆளில்லாத வீட்டில் குப்பை சேர்வதுபோல, மேலே வரவேண்டியது கீழே இறங்கத் தொடங்குகிறது. நல்ல உடம்பில் வெள்ளையணுக்கள் ஓடிவந்து இதைச் சமாளித்துவிடும். ஒரு வாரத்தில் உட்பூச்சும் புதிதாக வளரத் தொடங்கும். ஆனால் இரத்தத்தில் சர்க்கரை 300-க்கு மேல் நிற்கும் உடம்பில் அதே வெள்ளையணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. கிருமியை நோக்கி நகர்வதும் விழுங்குவதும் குறைகின்றன. இதற்கு மேல், காய்ச்சலின்போது உடம்பு சுரக்கும் அழுத்த ஹார்மோன்கள் சர்க்கரையை இன்னும் ஏற்றுகின்றன. சர்க்கரை ஏறினால் சிறுநீர் கூடுதலாகப் போகும், உடம்பில் நீர் வற்றும், நீர் வற்றினால் ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகம் மேலும் தளரும். ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும் இந்தச் சுழலில்தான் உங்கள் அத்தை சிக்கியிருக்கிறார். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2009-இல் ஹெச்1என்1 பரவியபோது ஆராய்ந்ததில், சர்க்கரை நோயுள்ளவர்கள் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் மூன்று மடங்காகவும், சேர்ந்தபின் ஐ.சி.யூ. சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு நான்கு மடங்காகவும் இருந்தது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோயோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. அப்படியானால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நம் தெருவுக்குத் தெரு எத்தனை வீடுகளில் இந்தச் சுழல் காத்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது, ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரிசை மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமானது. வைரஸ் அடங்கும் வேளையில், பாதுகாப்பில்லாமல் கிடக்கும் நுரையீரலுக்குள் நிமோகாக்கஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் இறங்கி நிமோனியாவை உண்டாக்குவது இப்படித்தான் வெளிப்படும். 1918-இல் உலகம் முழுவதும் பரவிய பெருங்கொள்ளை ஃப்ளூவில் இறந்தவர்களின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் திசுக்களைப் பல்லாண்டு கழித்து ஆராய்ந்தபோதும், பெரும்பாலான இறப்புக்குப் பின்னால் இந்தப் பாக்டீரியா நிமோனியா இருந்தது தெரியவந்தது. ஆகவே காய்ச்சல் விட்டு ஓரிரு நாளில் மறுபடியும் காய்ச்சலோ, மஞ்சள் சளியோ, மூச்சு வாங்குவதோ தொடங்கினால், அதைப் ‘பழைய காய்ச்சலின் மிச்சம்’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது புதிய நோயின் முதல் மணிநேரம். வயதானவர்களிடம் இன்னொரு சிக்கலும் உண்டு: நிமோனியா முற்றிய நிலையிலும் காய்ச்சல் அதிகம் ஏறாமலே இருக்கலாம். வழக்கத்துக்கு மாறான தூக்கம், பேச்சில் தடுமாற்றம், சாப்பாட்டை ஒதுக்குதல், குளியலறையில் கால் தடுமாறி விழுதல் ஆகியவை மட்டுமே அறிகுறியாக வரக்கூடும்.

இப்போது இன்சுலினுக்கு வருகிறேன். அதை முழுவதும் நிறுத்தியிருக்கக் கூடாது. இதை மறைத்துச் சொன்னால் நாளை உங்கள் அப்பாவுக்கும் அதுவே நடக்கும். சாப்பிடாதவருக்கு ஊசி எதற்கு என்ற எண்ணம் இயல்பானது, நல்லெண்ணத்தில் பிறந்தது. ஆனால் காய்ச்சலில் கிடக்கும் உடம்பு, வாய்வழி ஒன்றும் போகாவிட்டாலும், கல்லீரலில் இருந்து தானே சர்க்கரையை இரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும். போதாததற்கு நாம் கொடுக்கும் அரிசிக் கஞ்சியும் குளுக்கோஸ் தண்ணீரும் சேரும். எனவே அளவைக் கூட்டவோ குறைக்கவோ நேரலாம். நாலைந்து மணிக்கு ஒருமுறை விரலில் குத்திப் பார்த்து, மருத்துவரிடம் தொலைபேசியிலாவது கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்த விதியை எந்த மருத்துவரும் உங்கள் அத்தையின் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். காய்ச்சல் நாளில் எந்த மருந்தைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று ஒவ்வொரு சர்க்கரை நோயாளிக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது எங்கள் கடமை. அவசரமான புறநோயாளி வரிசையில் நாங்கள் அதைத் தவறவிடுகிறோம். சொல்லித் தரப்படாத ஒன்றைச் செய்யாமல் போனது குடும்பத்தின் குற்றமாகாது. ஏழெட்டுக் காரணங்கள் கூடி நடந்த ஒரு மரணத்தை சில நாள் போடாத ஊசியின்மேல் மட்டும் ஏற்றி, அந்தப் பாரத்தை நீங்களோ அத்தை மகனோ வாழ்நாள் முழுவதும் சுமப்பதற்கு மருத்துவ நியாயம் எதுவும் இல்லை.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது, ‘மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம்’ என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரி. ‘காய்ச்சல், உடம்பு வலி, மூணு வேளைக்குக் குடுங்க’ என்றால், சின்னக் காகித உறையில் நாலு நிறத்தில் உதிரி மாத்திரைகள் வரும். எதற்கும் பெயர் இருக்காது. அப்படிப்பட்ட உறைகளை நோயாளிகள் என் மேசைமேல் கொட்டிக் காட்டும்போது, அவற்றில் ஒரு வலி மாத்திரையும் பல சமயம் சிறிய ஸ்டீராய்டு மாத்திரையும் இருப்பதைக் கண்டிருக்கிறேன். கிரியேட்டினின் கூடிய ஒருவருக்கு டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். ஸ்டீராய்டு, காய்ச்சலை ஒரே நாளில் அடக்கிக் காட்டிவிட்டு, சர்க்கரையை ஏற்றி, எதிர்ப்புச் சக்தியை இறக்கிவிடும். ஃப்ளூ நிமோனியாவில் ஸ்டீராய்டு பெற்றவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்ததையே பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும். நிலவேம்புக் குடிநீர் கொடுக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அரசு சித்த மருத்துவப் பிரிவில் கேட்டு, சொன்ன அளவில் கொடுங்கள். ஆனால் ‘இரண்டு நாள் கஷாயம் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு டாக்டரிடம் போகலாம்’ என்ற காத்திருப்பு இணைநோய் உள்ளவருக்கு ஆகவே ஆகாது. இன்னொன்று: நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் அன்போடு வாங்கி வரும் இளநீரும் சாத்துக்குடிச் சாறும், சிறுநீரகம் கெட்டவர்களுக்குப் பொட்டாசியத்தை ஏற்றி இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும்.

காத்திருப்பு ஏன் ஆகாது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி அடைமழையில், மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் தரகு பார்க்கும் ஒருவரை அவருடைய மகன் அழைத்து வந்தார். ஐம்பதைக் கடந்தவர், சர்க்கரை நோய் நெடுநாளாக உண்டு, சிறுநீரில் புரதமும் போய்க்கொண்டிருந்தது. காய்ச்சல் தொடங்கி இரண்டாம் நாள். ‘ஒண்ணுமில்ல சார், இவன்தான் பயந்துபோய்க் கூட்டியாந்துட்டான்’ என்றார். அந்தச் சின்ன வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார். சட்டைப் பித்தானைக் கழற்றச் சொல்லிவிட்டு, நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு, அவருடைய மார்பு ஏறி இறங்குவதைக் கடிகாரத்தில் ஒரு முழு நிமிடம் எண்ணினேன்: 28. இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 92 காட்டியது. காய்ச்சலோ வெறும் 100 டிகிரி. ஃப்ளூ வைரஸுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரையில் முதலாவதை என் அறையிலேயே விழுங்கவைத்து, அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஆக்சிஜன், ஆன்டிபயாடிக், இன்சுலின் மூன்றும் அன்று மாலைக்குள் தொடங்கிவிட்டன. வென்டிலேட்டர் தேவைப்படவில்லை, ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனார். அவருக்கும் உங்கள் அத்தைக்கும் இருந்த நோய்கள் ஏறக்குறைய ஒன்றே. வேறுபட்டது சிகிச்சை தொடங்கிய நாள்.

ஓசெல்டாமிவிர் என்ற அந்த மருந்தைப் பலர் ‘டாமிஃப்ளூ’ என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். வைரஸ் ஒரு செல்லில் இருந்து இன்னொரு செல்லுக்குப் பரவுவதை அது தடுக்கிறது. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 75 மில்லிகிராம், காலையும் இரவும், ஐந்து நாள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் அளவைக் குறைப்பார். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பயன் கிடைக்கும். நிலைமை கடுமையாகி மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு அதற்குப் பிறகும் கொடுக்கிறோம், ஏனென்றால் தாமதித்தாலும் ஓரளவு பயன் உண்டு. ஒரு காலத்தில் மிகச் சில கடைகளில் மட்டுமே கிடைத்த இந்த மருந்து, 2017-இல் விதி தளர்த்தப்பட்டதிலிருந்து மருத்துவர் சீட்டுடன் பொது மருந்துக்கடைகளிலும் கிடைக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலில் ஃப்ளூ நோயாளிகளை ஏ, பி, சி என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். லேசான காய்ச்சலும் இருமலும் மட்டும் உள்ளவர் ஏ. அவருக்குப் பரிசோதனையும் வேண்டாம், இந்த மாத்திரையும் வேண்டாம், வீட்டிலேயே தனித்திருந்தால் போதும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, அரை மயக்கம், சளியில் இரத்தம், நகம் நீலம் பாரித்தல் ஆகியவை சி. பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை தொடங்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு முக்கியமானது நடுவில் இருக்கும் பி. காய்ச்சல் லேசாகவே இருந்தாலும், 65 வயதைத் தொட்டவர், கர்ப்பிணி, சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல் நோயாளிகள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோர் இதில் வருவார்கள். இவர்களுக்குப் பரிசோதனை செய்யாமலேயே மாத்திரையைத் தொடங்கலாம் என்பதே அந்த வழிகாட்டுதல். அத்தை மகனுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை, அத்தைக்கு முதல் நாளே தேவைப்பட்டது. ஒரே காய்ச்சலுக்கு ஒரே வீட்டில் இரண்டு விதமான வைத்தியம் வேண்டியிருக்கிறது என்பதைத்தான் நாம் இன்னும் பழகிக்கொள்ளவில்லை.

உங்கள் அப்பாவின் விஷயத்தில் நான் சர்க்கரையைவிட இதயத்தை நினைத்தே அதிகம் யோசிக்கிறேன். ஃப்ளூவை நெஞ்சுச்சளி நோய் என்று மட்டும் எண்ணுகிறோம். அது இரத்தக்குழாயையும் தாக்கும். உடம்பெங்கும் எழும் அழற்சி, இதயக் குழாயின் உள்ளே படிந்திருக்கும் கொழுப்புத் திட்டைத் தளர்த்தி உடைக்கிறது. இரத்தமும் எளிதில் உறையும் தன்மையை அடைகிறது. காய்ச்சலால் துடிப்பு கூடுவதால் இதயத்துக்கு வேலையும் அதிகம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு அதே நபர்களுக்கு மற்ற நாள்களில் இருப்பதைப்போல் ஆறு மடங்காக இருந்தது. எனவே அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால், ஸ்டென்ட் அடைபடாமல் காக்கும் மாத்திரையையும் கொழுப்பு மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. நம் பக்கத்தில் இதே பருவத்தில் டெங்குவும் இருக்கும். அதில் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்தால் ஆஸ்பிரின் வகை மாத்திரையைத் தொடர்வதா என்று முடிவெடுக்க வேண்டிவரும். அதை மருத்துவர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து முடிவு செய்யட்டும். சர்க்கரை மாத்திரைகளில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போல ‘கிளிஃப்ளோசின்’ என்று முடியும் பெயர் ஏதேனும் அவருடைய சீட்டில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சாப்பிடாமல், நீர் வற்றிக் கிடக்கும் நாளில் அவற்றை நிறுத்திவைப்பதே வழக்கம்; இல்லாவிட்டால் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இரத்தம் அமிலமாகும் நிலை வரலாம். வாந்தி, பேதி இருந்தால் மெட்ஃபார்மினுக்கும் இடைவேளை வேண்டும். கிளிமிபிரைடு, சாப்பிடாத நாளில் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். இவை ஒவ்வொன்றையும் அவருடைய மருத்துவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கி, சர்க்கரை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

அம்மாவின் ஆஸ்துமா பற்றி ஓர் ஆறுதலான செய்தி உண்டு. ஃப்ளூ வந்தால் ஆஸ்துமாக்காரர்கள் மருத்துவமனையில் சேர்வது அதிகம் என்பது உண்மை. ஆனால் 2009-10-இல் பிரிட்டனில் ஹெச்1என்1-க்காகச் சேர்ந்தவர்களை ஆராய்ந்தபோது, ஆஸ்துமா உள்ளவர்கள் ஐ.சி.யூ.வுக்குப் போவதும் இறப்பதும் மற்ற நோயாளிகளைவிட ஏறத்தாழப் பாதியாக இருந்தது. இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன: அவர்கள் ஏற்கெனவே உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்தைப் பயன்படுத்தி வந்தார்கள், மூச்சு சற்று இறுகியதுமே மருத்துவமனைக்கு வந்துவிட்டார்கள். மாத்திரையாகவும் ஊசியாகவும் கண்டபடி எடுக்கும் ஸ்டீராய்டை நான் மேலே கண்டித்தேன். இன்ஹேலரில் வருவது மிகச் சிறிய அளவு, மூச்சுக்குழாய்க்கு நேரே போவது. ‘இன்ஹேலர் பழகிப்போய்விடும்’ என்று இழுப்பு வந்த நாளில் மட்டும் எடுத்து, மற்ற நாளில் மூலையில் வைத்துவிடும் பழக்கம் உங்கள் அம்மாவுக்கு இருந்தால், இந்த மழைக்கு முன்பே அதை மாற்றுங்கள். வீட்டில் விறகடுப்பு இருந்தால் அம்மாவை அதற்கு அருகில் விடாதீர்கள். பீடி, சிகரெட்டாலும் அடுப்புப் புகையாலும் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கிப்போன முதியவர்களின் கதை ஆஸ்துமாவைப் போன்றதன்று. அவர்களிடம் இருப்பே இல்லை, அவர்களுக்கு ஃப்ளூ மிகக் கடுமையானது.

தங்கையைப் பொறுத்தவரை, கர்ப்பம் ஒரு நோயல்ல. இருந்தாலும் ஃப்ளூ அதை அப்படித்தான் நடத்துகிறது. கடைசி மாதங்களில் கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரல் விரிய இடம் குறைகிறது, ஆனால் ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. 2009-இல் அமெரிக்காவில் மக்கள்தொகையில் ஒரு விழுக்காடாக இருந்த கர்ப்பிணிகள், ஹெச்1என்1 இறப்புகளில் ஐந்து விழுக்காடாக இருந்தார்கள். பிரசவமான பிறகும் இரண்டு வாரம்வரை இந்த ஆபத்து நீடிக்கிறது. ‘மாசமாக இருக்கும்போது எந்த மாத்திரையும் கூடாது’ என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். ஓசெல்டாமிவிரைக் கர்ப்பிணிக்குத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும் என்பதே மருத்துவ முடிவு, தாமதித்தால்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல். உடல் பருமனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. குடும்பத்தில் எவருக்கேனும் அதிகப் பருமன் இருந்தால் அவரையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள், 2009-க்குப் பிறகு அதுவும் தனி ஆபத்தாகவே கணக்கிடப்படுகிறது.

தடுப்பூசியைக் கடைசியில் வைத்தது, அதன் முக்கியம் குறைவு என்பதால் அல்ல. இவ்வளவும் படித்த பிறகு அதைத் தள்ளிப்போட மாட்டீர்கள் என்ற நம்பிக்கையால். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், ஊசியில் இருக்க வேண்டிய வகைகளைப் பரிந்துரைக்கிறது. அதனால் இது ஆண்டுதோறும் போட வேண்டிய ஊசி. போட்டு இரண்டு வாரத்துக்குப் பிறகே காப்பு தொடங்கும். ஆகவே அடைமழை தொடங்கும்வரை காத்திருக்காமல் புரட்டாசிக்குள் போட்டுக்கொள்வது நல்லது. போட்டவருக்குக் காய்ச்சலே வராது என்று நான் உறுதி கூற மாட்டேன். வந்தாலும் ஐ.சி.யூ. வாசல்வரை போகும் வாய்ப்பு குறைகிறது. மாரடைப்பு வந்து சிகிச்சை பெற்ற நோயாளிகள் சுமார் 2,500 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஃப்ளூ தடுப்பூசி போட்டவர்களிடையே அடுத்த ஓராண்டில் இறப்பு 41 விழுக்காடு குறைவாக இருந்தது. தங்கைக்கு எந்த மாதத்திலும் செயலிழந்த வைரஸ் ஊசியைப் போடலாம். பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் வரை ஃப்ளூ ஊசி போட முடியாது என்பதால், தாய்க்குப் போடும் ஊசிதான் பிள்ளைக்கும் காப்பு. அப்பாவுக்கு நிமோகாக்கஸ் தடுப்பூசியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், வந்த நாளையும் நேரத்தையும் காலண்டரில் எழுதுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். காய்ச்சல்காரரைத் தங்கை இருக்கும் அறையிலிருந்து விலக்கிப் படுக்க வையுங்கள். காய்ச்சல் தெரிவதற்கு முதல் நாளிலிருந்தே தொற்று பரவும், அது ஐந்திலிருந்து ஏழு நாள்வரை நீடிக்கும். அப்பாவுக்கு மார்பு ஏறி இறங்குவதை அவர் அறியாமல் ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். 24-க்கு மேல் போனாலோ, ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே இறங்கினாலோ, பேச்சு வாக்கியத்தின் நடுவில் அறுந்தாலோ, நெஞ்சு இறுகுகிறது என்றாலோ, விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐ அழையுங்கள். ஆக்சிமீட்டரை மாட்டும்முன் விரலைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சு இட்ட விரலிலும் எண் தவறாகக் காட்டும்.

இந்த வாரத்திலேயே அப்பாவை அழைத்துக்கொண்டு அவருடைய மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோட்டு, ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், கடைசியாக எடுத்த கிரியேட்டினின் அறிக்கை ஆகியவற்றை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அம்மாவையும் கூட்டிப்போய், அவர் இன்ஹேலரை இழுப்பதை மருத்துவர் கண்ணெதிரே ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். சரியாக இழுக்க வராவிட்டால், இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாயை வாங்கிக்கொள்ளலாம். ஃப்ளூ ஊசியை அப்பா, அம்மா, தங்கை மூவரும் ஒரே நாளில் போட்டுக்கொண்டு திரும்பலாம். முடிந்தால் அத்தை மகனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இன்சுலின் பற்றி நான் எழுதியிருப்பதை அவரும் ஒரு மருத்துவர் வாயால் நேரில் கேட்கட்டும்.